நாற்பது அடி தூரத்துச் சாவி

எங்க பக்கத்து விவசாயிக்கு, தூரத்துல இருந்துகிட்டே ஒரு மிஷினை ஓட்டுறது புதுசு இல்ல. மும்முனை கரண்ட் எப்ப வரும்னு தெரியாம, ராத்திரியில டார்ச் லைட்டோட வரப்புல நடந்து போய் மோட்டார் போட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. இப்ப ஸ்டார்ட்டர் பெட்டியில சிம் கார்டு போட்ட ஒரு கருவியை மாட்டிட்டு, வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தே போன்ல மோட்டாரை போடுறோம், நிறுத்துறோம். புனேயில சந்தோஷ் ஓஸ்த்வால் உருவாக்கின ‘நானோ கணேஷ்’ இந்த வகையில பேர் வாங்கின முன்னோடி. தமிழ்நாட்டுல வேளாண் பொறியியல் துறையே இந்த மாதிரி கருவிக்கு மானியம் குடுக்குது.

மோட்டாருக்கு நடக்கிற இதே வேலை கம்ப்யூட்டருக்கும் நடக்குது. ஒரே வளாகத்துல முன் வீட்டுல இருக்கிற அண்ணியோட லினக்ஸ் கம்ப்யூட்டரை, பின் வீட்டுல உட்கார்ந்துகிட்டு நான் பார்த்துக்கிறேன். நடந்து போனா நாற்பது அடி. ஆனா அந்த நாற்பது அடியைத் தாண்டுற வழி உருவாக ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ், ஹெல்சிங்கி, தேனின்னு சுத்திதான் அது எங்க ஊருக்கு வந்திருக்கு. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

கோவளத்தை தூரத்துல இருந்து ஆண்டவங்க

கோவளம்னா நகரத்து நண்பர்களுக்கு அலைச்சறுக்கு, தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில், ஞாயித்துக்கிழமை மீன் வறுவல். ஆனா முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல ஐரோப்பாக் கம்பெனி ஒண்ணு கடை விரிச்சிருந்தது பல பேருக்குத் தெரியாது. இன்னைக்கு பெல்ஜியத்துல இருக்கிற ஆஸ்டெண்ட் துறைமுகத்து வியாபாரிகள் அவங்க. பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722-ல அவங்களுக்கு சாசனம் குடுத்தார். வங்காளத்துல பாங்கிபஜார், சோழமண்டலக் கரையில கோவளம், ரெண்டுலயும் அவங்களுக்கு இடம் இருந்துச்சு.

அங்கிருந்து ஒரு உத்தரவு கப்பலேறி நன்னம்பிக்கை முனையைச் சுத்தி இங்க வந்து சேர மாசக்கணக்கா ஆகும். பதில் போய்ச் சேர இன்னும் அவ்வளவு மாசம். 1727-ல சாசனத்தை நிறுத்தி வெச்சாங்க. 1731-ல கம்பெனியையே கலைக்க ஒப்பந்தம் போட்டாங்க. கையெழுத்து போட்ட நாளுக்கும் அந்தச் சேதி இந்தக் கரைக்கு வந்த நாளுக்கும் நடுவுல, இங்க இருந்த குமாஸ்தா தன் புத்திக்கு எட்டினபடி கணக்கு எழுதிகிட்டு இருந்திருப்பார். வேற வழி?

அந்தக் குமாஸ்தாவை நினைச்சா எனக்கு மூணு கேள்வி வருது. தூரத்துல இருந்து கை நீட்டுறவர் யாருன்னு இங்க இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? நடுவுல யாராவது கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சா? இங்க இருக்கிற ஆள் என்ன பார்க்கிறார்னு அங்க இருக்கிறவருக்கு எப்படிப் புரியும்? கம்ப்யூட்டர்ல கட்டளை அனுப்பினவங்களும் இதே மூணு கேள்வியோடதான் மல்லுக்கட்டினாங்க.

ரெண்டு எழுத்துல விழுந்த முதல் முயற்சி

1969 அக்டோபர் 29. இன்டர்நெட்டுக்குத் தாயான ஆர்பாநெட்டுல முதல் சேதி போன நாள். லாஸ் ஏஞ்சல்ஸ்ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல சார்லி க்ளைன்னு ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்துல பில் டுவால். க்ளைன் அனுப்ப நினைச்சது வாழ்த்துச் சேதி இல்ல. ‘லாகின்’ங்கிற வார்த்தையை. தூரத்து மிஷினுக்குள்ள நுழையறதுக்கான கட்டளை அது. முதல் ரெண்டு எழுத்து போச்சு, அந்தப் பக்கத்து மிஷின் விழுந்துடுச்சு. சரி பண்ணி மறுபடி முயற்சி பண்ணினப்ப உள்ளே போயிட்டாங்க.

அந்த நேரத்துல ரெண்டு பேரும் டெலிபோன்ல பேசிகிட்டே இருந்தாங்க. முதல் எழுத்து வந்துச்சா, வந்துச்சு. ரெண்டாவது வந்துச்சா, வந்துச்சு. தூரத்துல இருந்து மிஷினை இயக்கின முதல் நாள்லயே, மிஷின் பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து என்ன தெரியுதுன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. இன்னைக்கு சிங்கப்பூர்ல இருக்கிற பையன் ஊர்ல இருக்கிற அம்மாகிட்ட, “திரையில என்ன எழுதியிருக்கும்மா?”ன்னு கேட்கிறது அந்த போனோட தொடர்ச்சிதான்.

அதுக்கப்புறம் வந்த ‘டெல்நெட்’ ரொம்ப காலம் ஓடுச்சு. வேலை நல்லாத்தான் செஞ்சுது, ஒரு பெரிய ஓட்டையோட. நாம அடிக்கிற கடவுச்சொல் அப்படியே வெட்டவெளிச்சமா கம்பியில போகும். ஏடிஎம் ரகசிய எண்ணை போஸ்ட் கார்டுல எழுதி தபால் பெட்டியில போடுற மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச சில நூறு பேர் மட்டும் வலையில இருந்தப்ப அது உறுத்தல. ஊர் உலகமெல்லாம் உள்ளே வந்ததும் உறுத்த ஆரம்பிச்சுது.

1995: ஹெல்சிங்கியில ஒரு திருட்டு

இந்தியாவுல பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இன்டர்நெட் குடுத்தது 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. அதே வருஷம் பின்லாந்துல, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வலையில யாரோ ஒட்டுக்கேட்டு கடவுச்சொல்லை எல்லாம் அள்ளியிருந்தாங்க. அங்க ஆராய்ச்சியாளரா இருந்த தாத்து உலோனென் இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு உட்கார்ந்தார். சில மாசத்துலயே எஸ்எஸ்எச்னு ஒரு நிரலை எழுதி ஜூலையில இலவசமா வெளியிட்டார். வருஷக் கடைசிக்குள்ள 50 நாட்டுல சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்க.

ஒவ்வொரு சேவைக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு வாசல் எண் உண்டு. கோப்பு அனுப்புற பழைய எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவுல 22 காலியா இருந்துச்சு. இந்த ரெண்டு பழைய வழிக்கும் மாத்தா வரப்போறது எஸ்எஸ்எச் தானேன்னு, எண் ஒதுக்குற அமைப்புக்கு உலோனென் ஒரு மின்னஞ்சல் போட்டார். குடுத்துட்டாங்க. இன்னைக்கும் உலகம் பூரா அதே 22-ஆம் வாசல்தான். எங்க அண்ணி வீட்டுக் கம்ப்யூட்டரும் அதுலதான் கதவைத் திறக்குது.

லினக்ஸும் அதே ஊர்தான். 1991-ல ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டார். நாலு வருஷ இடைவெளியில, ஒரே நகரத்துச் சுத்துவட்டாரத்துல, மிஷினும் அதுக்குப் பூட்டும் தயாராயிடுச்சு.

ஆனா பூட்டுக்கு ஒரு சிக்கல் வந்துச்சு. உலோனென் 1995 கடைசியில கம்பெனி ஆரம்பிச்சார். அடுத்தடுத்த பதிப்புல உரிம நிபந்தனை இறுகிகிட்டே போச்சு. 1999-ல ஓபன்பிஎஸ்டிங்கிற தன்னார்வ நிரலாளர் குழு, நிபந்தனை இல்லாம இருந்த ஒரு பழைய பதிப்பை அடிப்படையா வெச்சு ஓபன்எஸ்எஸ்எச் உருவாக்கினாங்க. அந்த வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி வெளியான ஓபன்பிஎஸ்டி 2.6-ஓட அது சேர்ந்து வந்துச்சு. நம்ம விதை மாதிரிதான். கம்பெனி பாக்கெட்டுக்குப் போகுறதுக்கு முந்தின விதையை யாரோ குதிர்ல எடுத்து வெச்சிருந்தாங்க, அதுலேர்ந்து மறுபடி நாத்து விட்டாங்க. இன்னைக்கு லினக்ஸ் இருக்கிற இடமெல்லாம் அந்த நாத்துதான்.

பூட்டை ஊருக்குக் குடு, சாவியை மடியில வை

எஸ்எஸ்எச்சுல கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போக வழி உண்டு. சாவி ஜோடின்னு சொல்லுவாங்க. இதுக்கு அடித்தளம் போட்டது 1976-ல டிஃப்பியும் ஹெல்மனும் எழுதின கட்டுரை. அடுத்த வருஷம் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூணு பேரும் அதுக்கு நடைமுறை வடிவம் குடுத்தாங்க.

கணக்கு பெரிசு, கருத்து சின்னது. நான் ஒரு பூட்டு செஞ்சு அதைப் போல எத்தனை வேணும்னாலும் குடுக்கிறேன். அண்ணி வீட்டுக் கதவுல ஒண்ணு, கொட்டகையில ஒண்ணு. பூட்டை யார் பார்த்தாலும் கவலை இல்ல. அதைத் திறக்கிற சாவி ஒண்ணே ஒண்ணு, அது என் மடியில. அந்தச் சாவியை நான் யார்கிட்டயும் நீட்டிக் காட்டுறதுகூட இல்ல. “உன்கிட்ட சாவி இருக்கா?”ன்னு கதவு கேட்கும். இருந்தா மட்டும் போடக்கூடிய ஒரு கையெழுத்தை நான் போட்டுக் காட்டுவேன். கதவு திறக்கும். ஒட்டுக்கேட்கிறவனுக்கு அதுலேர்ந்து ஒண்ணும் கிடைக்காது.

எதிர்ப்பக்கமும் தன்னை யாருன்னு காட்டணும். முதல் தடவை ஒரு மிஷினுக்குள்ள போகும்போது, “இந்த மிஷினோட ரேகை இது, நம்புறியா?”ன்னு ஒரு கேள்வி வரும். பத்திர ஆபீசுல பெருவிரல் ரேகை வாங்குற மாதிரி. நம்புறேன்னு சொன்னதும் அதை எழுதி வெச்சுக்கும். பின்னொரு நாள் ரேகை மாறியிருந்தா, உள்ளே விடாம சத்தம் போடும். கோவளத்துக் குமாஸ்தாவோட முதல் ரெண்டு கேள்விக்கும் இதுல பதில் வந்துடுச்சு. மூணாவது மட்டும் பாக்கி.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் வந்த வழி

1999 பிப்ரவரியில சென்னையில தமிழிணையம் 99 மாநாடு நடந்துச்சு. தமிழ்99 விசைப்பலகை வந்தது அந்த வருஷம்தான். அதையொட்டின காலத்துல உலகத்துல அங்கங்க இருந்த தமிழ் ஆர்வலர்கள், லினக்ஸோட கேடிஈ திரையைத் தமிழாக்க ஆரம்பிச்சாங்க. சம்பளம் இல்லாத வேலை. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்துல கூடிகிட்டு இருந்துச்சு. அப்புறம் காஞ்சிபுரத்துலயும் விழுப்புரத்துலயும் இந்த மாதிரி குழுக்கள் முளைச்சுது. 2012-லேர்ந்து ‘கணியம்’ இதழ் இதையெல்லாம் எளிய தமிழ்ல எழுதிகிட்டு வருது. எங்க செங்கல்பட்டு 2019 வரைக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்ததால, காஞ்சிபுரம் குழுவை நான் இன்னும் சொந்த ஊர்க் குழுவாத்தான் நினைக்கிறேன்.

அரசாங்கப் பக்கமும் அசைவு இருந்துச்சு. எல்காட் நிறுவனத்துல நிர்வாக இயக்குநரா இருந்த சி. உமாசங்கர், 2007 வாக்குல அலுவலகக் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாத்தினார், பள்ளிக்கூடங்களுக்கும் அதையே கொண்டு போனார். அதே காலத்துல சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையா வெச்சு ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டுச்சு. 2011 செப்டம்பர் 15-ல விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல ஆரம்பிச்சுது. அந்த மடிக்கணினியில விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ரெண்டுமே போட்டுத் தந்தாங்க. அஞ்சு வருஷத்துல 68 லட்சம் பேருக்குக் குடுக்கணும்ங்கிறது திட்டம்.

கம்ப்யூட்டரையே பார்க்காத எத்தனையோ குடிசைக்குள்ள அது போச்சு. எங்க பக்கம் மீன்பிடி குப்பத்துலயும் உப்பளத் தொழிலாளி வீட்டுலயும் முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஆனா நான் பார்த்த வரைக்கும் பல மிஷின் ரெண்டு மூணு வருஷத்துல பரணுக்குப் போயிடுச்சு. உடைஞ்சு போகல. வைரஸ் ஏறி மெதுவா ஆனது, சார்ஜர் போனது, அப்டேட் பாதியில நின்னது. எல்லாம் ஒரு மணி நேர வேலை. பார்த்துக் குடுக்க ஆள் இல்ல. கேளம்பாக்கத்துல ஒரு கடைக்குத் தூக்கிட்டு போனா அரை நாள் கூலி போயிடும். டிராக்டரை மானியத்துல வாங்கலாம், அதுக்கு கிரீஸ் அடிக்க ஆள் வேணும் இல்லையா? லட்சக்கணக்குல மிஷினைக் குடுத்த திட்டத்துல, கிரீஸ் அடிக்கிற வேலை யாரோடதுங்கிற கேள்விக்கு கிராமத்துல பதில் இல்ல.

தேனியில கத்துக்கிட்ட பாடம்

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திச்ச ஒரு முயற்சி நம்ம மாநிலத்துலயே நடந்திருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல மதுரையில டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது. 2000-களின் நடுவுல தேனி மருத்துவமனையையும் சுத்து ஊர்கள்ல இருந்த சின்னச் சின்ன கண் பரிசோதனை மையங்களையும் கம்பி இல்லாம இணைச்சாங்க. மையத்துல டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர் நோயாளியைப் பரிசோதிப்பார், தேனியில இருக்கிற டாக்டர் திரையில பார்த்துப் பேசுவார். கிராமத்துக் கிழவி பஸ் ஏறாமலே டாக்டரைப் பார்த்துட்டார்.

இணைப்பை அமைச்சது அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல எரிக் ப்ரூவர் தலைமையில இருந்த குழு. வீட்டுல இருக்கிற அதே வைஃபை தொழில்நுட்பத்தைத்தான் கோபுரத்து மேல திசை பார்த்து வைக்கிற ஆன்டெனாவோட கிலோமீட்டர் கணக்குல நீட்டினாங்க. ஒவ்வொரு கோபுரத்துலயும் லினக்ஸ் ஓடுற ஒரு சின்னப் பெட்டி. அதைப் பார்த்துக்க வேண்டியவங்க கலிபோர்னியாவுல.

அந்தப் பெட்டிகளுக்கு வெளியில இருந்து நேரா நுழைய முடியாது. அதனால வழியைத் திருப்பிப் போட்டாங்க. பெட்டியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை அமெரிக்காவுல இருக்கிற சர்வருக்கு எஸ்எஸ்எச் மூலமா கூப்பிட்டு, தன் நிலவரத்தைச் சொல்லும். அப்படித் திறந்த அதே பாதை வழியா பொறியாளர்கள் திரும்பி உள்ளே வருவாங்க. புகுந்த வீட்டுல இருக்கிற பொண்ணு அம்மாவுக்குப் போன் போடுற கதைதான். இன்னைக்கு ஊர்ல ஃபைபர் இணைப்பு வெச்சிருக்கிற பல பேரோட வீட்டுக்குள்ளயும் வெளியூர்லேர்ந்து நேரா நுழைய முடியாது. அங்கயும் இதே உபாயம்தான்.

2008-ல அந்தக் குழு தங்க அனுபவத்தைக் கட்டுரையா வெளியிட்டாங்க. படிச்சா கம்ப்யூட்டர் கட்டுரை மாதிரி இருக்காது, மின்வாரியப் புகார் புத்தகம் மாதிரி இருக்கும். பழுதுல பெரும்பகுதிக்குக் காரணம் நிரல் இல்ல, கரண்ட். வோல்டேஜ் ஏறி எரிஞ்சது, இறங்கி பெட்டி பாதி மயக்கத்துல நின்னது, எழுதிகிட்டு இருக்கும்போது கரண்ட் போய் நினைவட்டை கெட்டுப் போனது. பாதி மயக்கத்துல இருக்கிற பெட்டிக்குள்ள எந்த எஸ்எஸ்எச்சும் நுழையாது. யாராவது போய் பிளக்கைப் பிடுங்கிச் சொருகணும். அதனால வோல்டேஜ் ரொம்ப இறங்கினா தானே அணைக்கிற சுற்று, தொங்கிப் போனா தானே மறுபடி எழுப்புற காவல் கருவி, இதெல்லாம் சேர்த்தாங்க. உள்ளூர் ஊழியருக்கும் பயிற்சி குடுத்தாங்க. எந்த விளக்கு எரியுது, எந்த வயர் எங்க போகுதுன்னு அவர் சரியாச் சொன்னாத்தான் கடல் தாண்டி இருக்கிற பொறியாளருக்குப் பழுது எதுன்னு புரியும்.

குமாஸ்தாவோட மூணாவது கேள்விக்கு இதுதான் பதில். பக்கத்துல இருக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

முன் வீடும் பின் வீடும்

இப்ப எங்க வீட்டுக்கு வர்றேன். அண்ணி மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுறாங்க. அவங்க மிஷின், அண்ணன் மகள் பிளஸ் டூவுல வாங்கின அதே அரசு மடிக்கணினி. இப்ப அதுல டெபியன் ஓடுது, எடை குறைஞ்ச திரையோட. ரவுட்டர் முன் வீட்டுக் கூடத்துல. ஒரே வலையில என் மிஷினும் இருக்கு.

நாற்பது அடிதானே, நடந்து போயிடலாமேன்னு கேட்பீங்க. நடந்து போனா அவங்க எழுந்து நாற்காலியைக் குடுக்கணும். எஸ்எஸ்எச்சுல அந்தத் தொல்லை இல்ல. பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணை பல பேர் ஒரே நேரத்துல பங்கு போட்டுகிட்ட யூனிக்ஸ் காலத்துப் பழக்கம் லினக்ஸோட ரத்தத்துல ஊறினது. அண்ணி கணக்கு எழுதிகிட்டே இருப்பாங்க. அவங்க திரையில எதுவும் அசையாது. நான் பின்னாடி பிரிண்டர் வரிசையில சிக்கின தாளை விடுவிப்பேன், வட்டுல இடம் எவ்வளவு மிச்சம்னு பார்ப்பேன், பாதுகாப்பு அப்டேட் போடுவேன். திரையையே பார்க்கணும்னா விஎன்சி இருக்கு, 1990-களின் கடைசியில இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒண்ணுல பிறந்தது. அதை எஸ்எஸ்எச் பாதைக்குள்ளயே ஓட்டலாம். ஆனா பத்துல ஒன்பது தடவை அது தேவைப்படுறது இல்ல.

சில சின்ன விஷயம் பழக்கத்துல பதிஞ்சது. ரவுட்டர் ஒவ்வொரு தடவையும் வேற முகவரி குடுக்காம இருக்க, அண்ணி மிஷினுக்கு ஒரு முகவரியை நிரந்தரமா ஒதுக்கியாச்சு. வைஃபை அறுந்தாலும் வேலை அறுந்து போகாம இருக்க ‘ஸ்கிரீன்’ங்கிற நிரலுக்குள்ள அப்டேட்டை ஓட விடுறேன். கடலோரத்து உப்புக்காத்துல நெட் கேபிள் முனை பச்சை பூத்துடும், அதுக்குத் துணியும் கையும்தான் மருந்து. தேனிக்காரங்க சொன்ன கரண்ட் பாடம் இங்கயும் உண்மை. யுபிஎஸ் பேட்டரி நல்லா இருக்குன்னு தெரியாம நான் எந்த அப்டேட்டும் போடுறது இல்ல.

வீட்டு வலையோட பலம் புயல்ல தெரியும். 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரை கடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல வெளி இன்டர்நெட் போனாலும், ரவுட்டருக்கு பேட்டரி இருக்கிற வரைக்கும் முன் வீடும் பின் வீடும் பேசிக்கும். நம்ம பாதை வீட்டை விட்டு வெளியிலேயே போகல இல்ல? மேகத்துல இருக்கிற சேவையை நம்பினவங்களுக்கு அந்த வசதி கிடையாது.

உள்ளே வந்தவன் யாரு?

இதுக்கு ஒரு மறுபக்கம் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா இந்தக் கதை முழுசாகாது.

நிர்வாகி அதிகாரம் கையில இருக்கிறவனுக்கு அந்த மிஷின்ல எல்லாமே தெரியும். அண்ணி யாருக்கு என்ன எழுதினாங்க, குழுவுல யாருக்கு எவ்வளவு கடன், எல்லாம். கூட்டுக் குடும்பத்துல ஆம்பளைங்க கையில இந்த அதிகாரம் சும்மா குவிஞ்சுடும். யாரும் கேட்கவும் மாட்டாங்க. அதனால எங்க வீட்டுல முதல் நாளே ஒரு ஏற்பாடு. உள்ளே வந்து போனவங்க பட்டியலைக் காட்டுற ‘லாஸ்ட்’ங்கிற கட்டளையை அண்ணிக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. மின்வாரிய அட்டையில ரீடிங் பார்க்கிற மாதிரி வாரம் ஒருமுறை அவங்க அதைப் பார்ப்பாங்க.

“தம்பி, செவ்வாக்கிழமை பத்தரைக்கு வந்திருக்கே, என்ன வேலை?”

“பிரவுசர் அப்டேட் அண்ணி.”

“சரி.”

நிர்வாகி வேலைக்கு ‘சூடோ’ன்னு ஒரு நிரல் இருக்கு. 1980 வாக்குல அமெரிக்காவுல பஃபலோ பல்கலைக்கழகத்துல பாப் காக்‌ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதினது. முழு அதிகாரத்தையும் தூக்கிக் குடுக்காம, வேலைக்கு மட்டும் குடுத்து, என்ன கட்டளை போட்டாங்கன்னு குறிப்பும் எழுதி வைக்கும். அண்ணியோட பணப்பெட்டிச் சாவியை வாங்கினவன் எழுதி வெச்சுட்டு வாங்குற மாதிரி. அந்தக் குறிப்பும் அழிக்க முடியாததில்ல, அதிகாரம் இருக்கிறவன் நினைச்சா அழிப்பான். கடைசியில நம்பிக்கைதான் அடித்தளம். ஆனா தடம் இருக்கிற நம்பிக்கைக்கும் தடமே இல்லாத நம்பிக்கைக்கும் வித்தியாசம் உண்டு.

எங்க பக்கத்துல வயசானவங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. “பேங்க்லேர்ந்து பேசுறோம், கேஒய்சி முடியுது, இந்த ஆப்பைப் போடுங்க”ன்னு ஒரு குரல். போட்டதும் ஒன்பது எண் வரும், அதைப் படிச்சுச் சொன்னா போதும். எங்கயோ இருக்கிறவன் கை அவங்க போனுக்குள்ள வந்துடும். தூரத்துல இருந்து உதவி பண்ண உருவான எனிடெஸ்க் மாதிரி நல்ல நிரலையே திருடனுங்க இப்படித் திருப்பிவிட்டதால, 2019 பிப்ரவரியில ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரிச்சுது. டெல்நெட் காலத்துத் திருடன் கம்பியை ஒட்டுக்கேட்டான். இப்ப இருக்கிற திருடன் நம்ம அம்மாவையே கதவைத் திறக்க வைக்கிறான். உலோனென் செஞ்ச பூட்டு கம்பியைக் காப்பாத்தும், இதைக் காப்பாத்தாது. ‘யாரு வர்றாங்க, நான் கூப்பிட்டேனா?’ன்னு கேட்கத் தெரிஞ்ச மனுஷி மட்டும்தான் இதுக்குப் பூட்டு.

அண்ணிக்கு ஒரு தடவை அந்த மாதிரி போன் வந்துச்சு. “எங்க வீட்டு மிஷினை எங்க கொழுந்தன்தான் பார்ப்பான், அவன் வந்தாலும் நேரம் எழுதியிருக்கும், உன் நேரம் எங்க எழுதியிருக்கு?”ன்னு கேட்டிருக்காங்க. அவன் போனை வெச்சுட்டான்.

ஊருக்குப் போறப்ப

நகரத்துல இருக்கிற உங்கள்ல பல பேருக்கு ஊர்ல அப்பாவோ சித்தியோ ஒரு பழைய மடிக்கணினி வெச்சிருப்பாங்க. பொங்கலுக்குப் போறப்ப அதை எடுத்துப் பாருங்க. விண்டோஸ் தாங்காத மிஷின்லகூட எடை குறைஞ்ச லினக்ஸ் ஓடும். அதுல ஓபன்எஸ்எஸ்எச் சர்வரைப் போட்டு, சாவி ஜோடி உருவாக்கி, பூட்டை அங்க வெச்சுட்டு சாவியை நீங்க எடுத்துக்கங்க. கடவுச்சொல் போட்டு நுழையற வழியை அடைச்சிடுங்க. ரவுட்டர்ல 22-ஆம் வாசலை உலகத்துக்குத் திறந்து வைக்காதீங்க, வீட்டு வலைக்குள்ள மட்டும் போதும். பக்கத்து வீட்டுல கொஞ்சம் விவரம் தெரிஞ்ச பையனோ பொண்ணோ இருந்தா, நீங்க இல்லாத நேரத்துக்கு அவங்களுக்கும் ஒரு பூட்டு வைக்கலாம், வீட்டுக்காரங்க சம்மதிச்சா.

அப்புறம் ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணி ரெண்டு விஷயம் சொல்லிக் குடுங்க. எந்த விளக்கு எதுக்கு, எந்த வயர் எங்கேர்ந்து எங்க போகுதுன்னு ஒண்ணு. மூடி மேல ஒரு தாள்ல எழுதி ஒட்டிடுங்க. ரெண்டாவது, யார் யாருக்குப் பூட்டு வெச்சிருக்குங்கிற கோப்பு. ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஒரு வரியை அழிச்சா அந்த ஆள் அடுத்த தடவை உள்ளே வர முடியாது, உங்களையும் சேர்த்து. ஐரோப்பாவுல போட்ட கையெழுத்து கோவளத்துல நடைமுறைக்கு வர மாசக்கணக்காச்சு. இங்க ஒரு வரி, ஒரு நொடி. அந்த வரியை அழிக்கிறது எப்படின்னு உங்க சித்திக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்க அண்ணிக்குத் தெரியும்.